முனியப்பனுக்கு ஒரு குடம்

எங்கள் ஊரில் குடியை விட்டதற்காக ஏச்சு வாங்கிய ஒரே ஆள் பூசாரி மாதப்பன்தான். ஏசியவர்களில் நானும் ஒருவன். அதனால் இதை நான்தான் எழுத வேண்டும்.

ஊர் நல்லம்பள்ளிக்கு மேற்கே. முனியப்பனுக்குப் படைத்த சாராயத்தைப் பூசாரி ஒரே மூச்சில் குடிப்பார், சாமி வரும், வாக்குச் சொல்வார். அதுதான் வழக்கம். பதினெட்டு வயதில் சாமி அரிவாளை வாங்கிப் பூசாரியான மாதப்பன் செவ்வாய்க்கிழமை மட்டும் குடித்தார். நாற்பதை எட்டியபோது தினமும் குடித்தார். கேட்டால் சாமி காரியம் என்பார். யார் வாயைத் திறப்பது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் மழை பொய்த்தது. ராமக்காள் என்ற கைம்பெண் கிணறு வெட்ட வாக்குக் கேட்டாள். மாதப்பன் தள்ளாடிக்கொண்டே போய் அவள் மானாவாரிக் காட்டின் வடமூலையில் அரிவாளை ஊன்றினார். இரண்டு எருதுகளையும் விற்று நாற்பதடி வெட்டினாள். அடியில் வெறும் பாறை.

அந்தக் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்த மாதப்பன், மனைவி குள்ளம்மாளிடம், "அந்த வாக்கைச் சொன்னது சாமியா, சாராயமா? எனக்கே தெரியல புள்ள" என்றார். அன்றோடு நிறுத்தினார். ஒன்பது நாள் கை நடுங்கியது. குள்ளம்மாள்தான் சோறு ஊட்டினாள். பிறகு வந்த செவ்வாய்க்கிழமைகளில் விளக்கு மட்டும் வைத்தார். சாமி வரவில்லை.

மறு வருஷம் ஆடியிலும் மழை இல்லை. ஊரே கூடிப் பொங்கல் வைத்தது. கடையில் சாராயம் வாங்கி வந்தவன் நான். ஊருக்குப் பொதுக்கிணறு எங்கே வெட்டினால் தண்ணீர் வரும் என்று சாமியிடம் கேட்க வேண்டும்.

ஊர்க்கவுண்டர் வெங்கடாசலம் சொம்பை நீட்டினார். "குடிப்பா. நீ குடிக்காமத்தான் சாமி கோவிச்சுக்கிட்டு மழையைக் கட்டி வச்சிருக்குது."

மாதப்பனின் தொண்டை ஏறி இறங்கியதைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். சொம்பை வாங்கிச் சூலத்தடியில் கவிழ்த்தார்.

"சாமிக்கு வேணும்னா சாமி குடிக்கட்டுங்க. எனக்கு வேண்டாம்."

ஒரு மணி நேரம் பம்பை அடித்தார்கள். அவர் உடம்பு அசையவே இல்லை. "சாமி வராத பூசாரி எதுக்குய்யா?" என்று கத்தியது நான்தான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"எங்க வெட்டுறதுன்னு சொல்லு," என்றார் கவுண்டர்.

"தெரியாதுங்க. போன வருசமும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்." கூட்டத்தில் நின்ற ராமக்காளைப் பார்த்தார். "உன் காட்டைக் கெடுத்தது சாமி இல்ல ஆத்தா. நான்."

ராமக்காள் அழவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா எங்க எருதுங்க இருந்திருக்கும்," என்றாள்.

மாதப்பன் அரிவாளை முனியப்பன் காலடியில் வைத்தார். "இத்தனை வருசம் எம்மேல வந்தே. இனி வர்றதும் வராததும் உன் இஷ்டம். நீ வராட்டியும் நான் உங்கிட்ட வருவேன். சாராயத்தை மட்டும் தொட மாட்டேன்."

அரிவாள் மாதப்பனின் பங்காளி காளியப்பன் கைக்குப் போனது. அவன் குடித்தான், ஆடினான், இடம் சொன்னான். ஊர் வெட்டியது. அங்கேயும் பாறைதான். அவனை ஒருவரும் ஏசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அந்தப் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையே மாதப்பன் இரண்டு மைல் நடந்து, ஊறிக்கொண்டிருந்த ஒரே கிணற்றில் பெண்களோடு வரிசையில் நின்று, ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து முனியப்பனுக்கு ஊற்றினார்.

"சாமி இதைக் கேட்டுச்சா?" என்று சீண்டினார் கவுண்டர்.

"கேக்கலீங்க. சாராயம் எங்கேயும் கிடைக்குது. ஊர்ல இல்லாதது இதுதான். அதான் இதைக் கொடுக்கிறேன்."

மறுபடியும் அவ்வளவு தூரம் நடந்து இன்னொரு குடம் கொண்டுவந்தார். அதை ராமக்காள் வாசலில் வைத்தார். அந்தப் பஞ்சத்தில், அவ்வளவு பேர் பார்க்க, அவள் அதைத் தெருவில் கொட்டினாள். அடுத்த வாரமும் கொண்டுவந்தார். அதையும் கொட்டினாள்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவர் போனபோது, ராமக்காள் தன் காலிக் குடத்தைத் துலக்கி வாசலில் வைத்திருந்தாள்.