பதினேழாம் கட்டிடத்தின் ஒரு திங்கட்கிழமை

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னால் தக்கலையில் யாரும் நம்புவதில்லை. வளைகுடா நகரம் ஒன்றின் பெரிய கட்டிடங்கள் எவ்வளவு கரியமில வாயுவுக்குக் காரணமாகின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மின்சாரம், எரிவாயு, ஜெனரேட்டர் டீசல் எல்லாவற்றையும் கரியமில வாயுக் கணக்காக மாற்றிப் பரப்பளவால் வகுத்து, மோசமானது எது, தேவலாம் எது என்று வரிசை போட வேண்டும். பஸ் ஹாரன் அலறும் மாடியறையில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன். கட்டிடங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

"பொக வராத கெட்டிடத்துல பொகையத் தேடுத வேலையா பிள்ளே?" என்று அண்ணன் போனில் கேலி செய்வான். அவனுக்கும் அதே நகரத்தில்தான் வேலை. ஏதோ ஒரு கட்டிடத்தில் ஏசி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறான். அவ்வளவு பெரிய நகரத்தில் அவனுடைய கட்டிடம் என் பட்டியலில் வந்து விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதினேழாம் எண் கட்டிடம் வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஏன் என்று துருவினேன். துப்பறிவதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு. யாருக்கும் வாடகைக்குப் போகாத ஒரு தளத்தில், கோடைக்காலம் முழுக்க, உச்சி வேளையில் மட்டும் ஏசி ஓடியிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் இல்லை. யாரோ கையால் போட்டு அணைக்கிறார்கள், வீண் செலவு, நிறுத்த வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். ஆகஸ்டு கடைசியில் ஒரு திங்கட்கிழமை மட்டும், வேலை நாளாக இருந்தும், அட்டவணையில் அந்தத் தளத்தின் கட்டங்கள் வெள்ளிக்கிழமை போலவே காலியாக இருந்தன. மீட்டர் பழுது என்று நினைத்து, முன்பின் திங்கட்கிழமைகளின் சராசரியை அதில் நிரப்பினேன். எங்கள் வேலையில் அதுதான் வழக்கம். நிரப்பிய கட்டத்துக்கு மஞ்சள் நிறம் கொடுப்போம். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அனுப்பும்போது அந்த நிறத்தை எடுத்துவிட்டேன்.

அது என்ன திங்கட்கிழமை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் குடும்பம் அய்யா வழி, அய்யாதான் எங்களுக்குத் தெய்வம். அன்றைக்கு ஆவணித் தேரோட்டம். நானே லீவு போட்டு, தேர் ஓடும் சாமித்தோப்பில்தான் நின்றிருந்தேன்.

தை மாதம் அண்ணன் ஊருக்கு வந்தான். பாதியாக இளைத்திருந்தான். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தேன், தொடவில்லை. அடுக்களையிலேயே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான்.

"வெளிய கண்ணாடி தொடைக்குத பயலுவளுக்கு மத்தியானம் படுக்க நெழலு கெடையாது பிள்ளே. ஒரு தளம் சும்மா கெடந்து. நான் தொறந்து ஏசியப் போட்டு உடுவேன். வெள்ளிக்கெழம அவனுவளுக்கு லீவு. சாவி என் கையில மட்டும்தான். தேரோட்டத்துக்கு நான் லீவு எடுத்தேன். ரூம்ல தலப்பா கெட்டி, நாமம் போட்டுக் கும்பிட்டுட்டு இருந்தேன். அன்னைக்குத்தான் அவனுவள்ல கொளச்சல்காரப் பயல் ஒருத்தன் செத்தான்."

நான் கறிச்சட்டியை மூடிவிட்டு அவன் பக்கம் திரும்பினேன்.

"நெஞ்சடைப்புன்னு கம்பெனிக்காரன் எழுதுனான். நான் நம்பல. தொறக்க ஆளில்லாம வெயில்ல கெடந்து செத்தான்னே நெனச்சேன். கேக்கலாம்னா, கூட உள்ளவனுவள மறுநாளே வேற எடத்துக்கு மாத்தியாச்சு. நாலு மாசம் கண்ணடைக்கல எனக்கு." பிறகு போனை எடுத்து நீட்டினான். "இப்பம் ஆரோ கணக்குப் பாத்து அந்தத் தளத்தப் பூட்ட வச்சிட்டானுவ. அதுக்கு மானேஜர் அனுப்புன படம் இது. அந்தத் திங்கக்கெழமயப் பாரு. ஏசி ஓடியிருக்கு."

என்னுடைய வரைபடம். நான் தேர்ந்தெடுத்த நீல நிறம். அந்தத் திங்கட்கிழமையில் இருந்தது நான் நிரப்பிய சராசரி.

"சாவி என்கிட்ட. தொறந்தது ஆரு? அய்யாதான் தொறந்திருக்காரு. அவன் குளுமையிலதான் கெடந்திருக்கான், இல்லியா? நீ இந்த வேலதானே செய்யுத? சொல்லு பிள்ளே, இது சரிதானா?"

உண்மையைச் சொன்னால் அந்தச் சாவு மறுபடியும் அவன் தலையில் ஏறும். தளத்தைப் பூட்ட வைத்தவள் நான் என்பதும் தெரிந்துபோகும். இதில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று இன்றுவரை என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

"சரிதான் அண்ணே" என்றேன்.

அவன் தட்டை இழுத்துக் கிழங்கைப் பிசைந்து சாப்பிட்டான். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினான். அப்புறம் கூடத்தில் வெறுந்தரையில் விழுந்து சாயங்காலம்வரை தூங்கினான். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் என்னிடம் சொல்லாமல் குளச்சலுக்குப் பஸ் ஏறிவிட்டான். மத்தியானம் திரும்பி வந்தவன் கையில் தாளில் கட்டிய ஒரு பொதி இருந்தது.

"அவனுக்க அம்மையப் பாத்தேன். 'வெயில்ல சாவல, குளுமையில படுத்தே போனான், எனக்க தங்கச்சி கணக்குப் பாத்துச் சொல்லிட்டா'ன்னு சொன்னேன். கொறச்ச நேரம் அழுதா. அப்பறம், 'இனி எனக்கு ஒறக்கம் வரும்'னு சொன்னா. இது நெய்மீன் கருவாடு. ஒனக்குத் தந்து உட்டா."

வாங்கி அடுக்களை மேடையில் வைத்தேன். அண்ணன் லீவு முடிந்து போய்விட்டான். பதினேழாம் கட்டிடம் வரிசையில் நன்றாக மேலேறிவிட்டது என்று எனக்குப் பாராட்டு மெயில் வந்தது. அந்தப் பொதியை நான் பிரிக்கவில்லை, தூரப் போடவும் இல்லை. மத்தியானம் வெயில் ஏறியதும் வீடு முழுக்க அந்த வாடை வருகிறது.