வாயடைத்த கொம்பியூட்டர்

யாழ்ப்பாணக் கப்பலுக்கான பயணிகள் லிஸ்டை அச்சடித்துத் திருகோணமலைத் துறைமுக வாசலுக்கு அனுப்புவது என் வேலை. போரால் தரைப்பாதை பூட்டியிருந்த காலம். லிஸ்டில் பெயர் இல்லாதவர் வாசலைத் தாண்ட ஏலாது. இவ்வளவு பெரிய பொறுப்பைக் கம்பனி ஒரு கிழட்டு லினக்ஸ் மெஷினிடமும் என்னிடமும் நம்பி ஒப்படைத்திருந்தது.

ஃபைல் பெயரை முழுதாக அடிக்கும் வழக்கம் எனக்கில்லை. முதல் இரண்டு எழுத்தை அடித்து டேப் கீயைத் தட்டினால் மிச்சத்தை, கட்டளை வாங்கும் ஷெல்லே நிரப்பும். ஒரே மாதிரித் தொடங்கும் பெயர்கள் இரண்டு இருந்தால், பொதுவான எழுத்துகளோடு நின்று "பீப்" என்று கத்தும்.

எதிர்க் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் துவக்கோடு வந்து, "என்ன சத்தம்?" என்று கேட்டார். மனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது.

"பிள்ளை, அதை நிப்பாட்டும். குண்டெண்டு நினைச்சாங்களெண்டால் துலைஞ்சம்!"

பெட்டியைத் திறந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றினேன். நாட்டின் பாதுகாப்புக்கு என் பங்களிப்பு அது.

இரண்டு கிழமையில் பலன் கிடைத்தது. காலையில் 'லிஸ்ட்' என்ற ஃபைல் தயார். பிறகு நாலு பேருக்கு அனுமதி வந்ததால் அவர்களையும் சேர்த்து 'லிஸ்ட்2' என்று சேமித்தேன். இரண்டு எழுத்து, டேப், என்டர். தாள் வாசலுக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் நவரத்தினம் என்ற தச்சுத் தொழிலாளி பையோடு ஓடி வந்தார். மனைவி யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில், தலைப்பிரசவம்.

"தங்கச்சி, என்ர பேர் இல்லையாம். கப்பல் வெளிக்கிடப் போகுது!"

வாசலுக்குப் போயிருந்தது காலையில் செய்த பழைய லிஸ்ட். "டேப் கீ பழுதாக்கும். கீபோர்டை மாத்தும்" என்றார் மனேஜர். கொம்பியூட்டருக்கு எட்ட நின்றே வைத்தியம் பார்ப்பவர் அவர். மாற்றினேன். மறுபடியும் அதே பழைய லிஸ்ட். கோபத்தில் டேப்பை இரண்டு தரம் தட்டினேன். திரையில் இரண்டு ஃபைல் பெயர்களும் வந்தன. கீயில் ஒரு கோளாறும் இல்லை. 'லிஸ்ட்' என்றதோடு நின்று அது கத்தப் பார்த்திருக்கிறது. வாயைத்தான் நான் கழற்றி வைத்திருந்தேனே!

சரியான தாளோடு இருவரும் ஓடினோம். ஓடும்போதே அவரிடம் காரணத்தைச் சொன்னேன். வாசலில் மற்ற மூவரும் கடலைப் பார்த்தபடி நின்றார்கள். கப்பல் போய்விட்டிருந்தது. "இயந்திரக் கோளாறு" என்று மனேஜர் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார். மெஷின் மறுக்கவில்லை.

இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். மெஷின் கத்தினால் ஏன் கத்துகிறது என்று முதலில் பாருங்கள். வாயை அடைக்கப் பிறகும் நேரமிருக்கும்.

அடுத்த கப்பலன்று நவரத்தினம் நேரே அலுவலகத்துக்கு வந்தார்.

"மகள் பிறந்து ஒன்பது நாள், தங்கச்சி."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இண்டைக்குக் கத்துமோ?"

வயரைத் திரும்பப் பூட்டியிருந்தேன். அன்றும் ஃபைல் இரண்டு. டேப்பைத் தட்டினேன். "பீப்." காவலரணிலிருந்து சிப்பாய் எட்டிப் பார்த்தார். மனேஜர் கதிரையை விட்டு எழும்பினார்.

"டேப்பை இன்னொருக்கா அமத்துங்கோ" என்றார் நவரத்தினம்.