முக்கால் இஞ்ச் ஸ்பேனர்

செங்கல் தூளில் மண்ணெண்ணெய் ஊற்றிக் குழைத்தால் கிளம்பும் நெடி இன்றைக்கு மூக்கில் பட்டாலும் எனக்குப் பழைய ஆயுத பூசை ஒன்று ஞாபகம் வரும். நமுனுகுல மலையடியில் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஆலையை "ஸ்டோர்" என்றுதான் எல்லோரும் சொல்வோம். அங்கே அப்பா "பிட்டர்", அதாவது கொழுந்து அரைக்கும் ரோலர் நின்றுபோனால் கழற்றிப் பூட்டி ஓடவைக்கிறவர், அம்மாவுக்கு அதே ஸ்டோரில் தூள் சலிக்கும் அறையில் வேலை. ஆயுத பூசைக்கு முதல்நாள் மட்டும் சாமான்களைத் துலக்கிக் கொடுக்கப் பிள்ளைகளையும் உள்ளே விடுவார்கள். எனக்கு ஒன்பது வயதான வருடம் அந்த வேலையை நான் தேவைக்கு மேல் நன்றாகச் செய்துவிட்டேன்.

அதற்கு முந்திய தீபாவளிக்கு வேட்டி எடுக்கப் பதுளைக்குப் போன அப்பா, வேட்டி இல்லாமல் ஒரு முக்கால் இஞ்ச் ஸ்பேனரோடு வந்து நின்றார். ஸ்டோரில் அந்த அளவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் அவசரத்துக்குத் தேடும்போதெல்லாம் வேறு யார் கையிலாவது இருக்கும். பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, ஏழெட்டை எடுத்துப் போட, அப்பா ஒவ்வொன்றாக மேசையில் தட்டிச் சத்தம் கேட்டு, ஸ்பேனர் வாயில் நட்டை வைத்து ஆட்டிப் பார்த்து, ஒரு மணி நேரம் கடையை மறித்துக்கொண்டு நின்றாராம். "பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு பாத்திருக்க மாட்டாரு" என்று அம்மா வாரக்கணக்கில் சொல்லிக் காட்டினாள். ஸ்டோர் சாமான்களின் வால்பக்கம் பச்சைப் பெயின்ட் இருக்கும், சொந்தச் சாமானுக்குச் சிவப்பு. வேலை முடிந்து போகிறவர்களின் பையை வாசலில் காவல்காரர் திறந்து பார்ப்பார்; சிவப்பைக் கண்டால்தான் வெளியே விடுவார்.

பூசைக்கு முதல்நாள் அப்பா ஏணியில் நின்று ரோலர் பக்கத்துத் தூண்களில் வாழைக்கன்றுகளைக் கம்பியால் கட்டிக்கொண்டிருக்க, நான் கீழே உட்கார்ந்து ஸ்டோர் பெட்டி, அப்பா பெட்டி இரண்டையும் கொட்டி ஒன்றாகத் தேய்த்தேன். சாமிக்கு முன்னால் வைக்கிற சாமானில் பிசுபிசுவென்று பெயின்ட் எதற்கு என்று நினைத்து, பச்சையையும் சிவப்பையும் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டு உரசி, எல்லாவற்றையும் பளபளக்க வைத்தேன். ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயாவே வந்து குனிந்து பார்த்து, "பிட்டரு மகளா? கெட்டிக்காரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெருமையில் எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

பூசை முடிந்து, பொரி கடலை தின்று தீர்ந்து, மறுநாள் வேலை தொடங்கியது. அன்று சாயந்தரம் அப்பா தன் பெட்டியோடு வெளியே வந்தபோது காவல்காரர் அந்த ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்து, சிவப்பு எங்கே என்று கேட்டார். உள்ளே சாமான்களை எண்ணிப் பார்த்தால் ஸ்டோருடைய முக்கால் இஞ்ச் ஸ்பேனரைக் காணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் தன் சாமான் தனக்குத் தெரியும் என்று அப்பா சொன்னார். அவர் கைக்குத் தெரிந்ததை டீமேக்கர் ஐயாவுக்கு எப்படிக் காட்டுவது? ஸ்டோர் சாமானைக் கடத்தத்தான் எல்லாவற்றிலும் பெயின்டைச் சுரண்டினார் என்று பேச்சாகி, ஸ்பேனரைப் பறித்து வைத்துக்கொண்டு, தோட்டத்து மேனேஜரான தொரை விசாரிக்கும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும் என்பது ஒன்பது வயதில் எனக்கு நன்றாகவே தெரியும். அப்பா வாசலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த வீட்டுக்காரர்கள் எங்களைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். நான் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக எழுதுகிறேன், அடி விழுமே என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. மூன்றாம் நாள் சோற்றுக்கு முன்னால் அழுதுகொண்டே பெயின்டைச் சுரண்டியது நான்தான் என்றேன். அம்மா அடிக்கவில்லை, கையைப் பிடித்து நேரே டீமேக்கர் ஐயாவிடம் இழுத்துப் போனாள். அவர் என்னை ஏறிட்டும் பார்க்காமல், "சின்னப்புள்ளைக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தா ஆச்சா? அப்ப மத்த ஸ்பேனர் எங்க?" என்று கேட்டார். நான் உண்மை சொல்லி அது செல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் அம்மா லீவு போட்டுவிட்டு, நானாவிடம் சாட்சி கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினாள்; பறித்து வைத்த ஸ்பேனரைக் கேட்டால் தரமாட்டார்கள் என்பதால் வெறுங்கையோடுதான் போனோம். நானாவுக்கு அப்பாவை நன்றாக ஞாபகம் இருந்தது. "நான்தான் குடுத்தேன், யார் கேட்டாலும் சொல்றேன்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா தங்கச்சி, அவங்க ஸ்டோருக்கும் நான்தானே குடுத்தது. ரெண்டும் ஒரே சாமான். இருக்கிறதைப் பத்திப் பேசி என்ன செய்ய, காணாததைத் தேடுங்க" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஸ்டோரில் தேடாத இடம் எது பாக்கி?

எங்கள் ஸ்டோரில் பூசைக்குக் கட்டிய வாழையில் அது தானாக வாடும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. வாடிய பிறகு அது கட்டினவர் வீட்டு மாட்டுக்குச் சேரும். எட்டாம் நாள், அப்பாவை உள்ளே விடாததால், அம்மாவே கத்தியோடு போனாள், நானும் போனேன். மூன்று தூண்களில் கட்டு சுலபமாக அவிழ்ந்தது. நான்காவதில் கம்பி அசையவில்லை. ஏணியில் ஏறிய நான் காய்ந்த மாவிலைத் தோரணத்தை விலக்கினேன். கம்பி முறுக்குக்கு நடுவில், பூசைக்குக் கட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் ஒட்டியபடி, ஸ்டோர் ஸ்பேனர் குறுக்கே நின்றது. கட்டு தளராமல் இருக்க அப்பா அதைச் செருகி முறுக்கி அப்படியே விட்டிருக்கிறார். மேலே தோரணம் விழுந்து மறைத்துவிட்டது. ஊரே தேடிய சாமான், டீமேக்கர் ஐயா தினமும் நின்று ரோலர் பார்க்கும் இடத்துக்கு நேர் மேலே எட்டு நாள் சாமியாக இருந்திருக்கிறது.

நான் கையை நீட்டினேன். "தொடாத" என்றாள் அம்மா. அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. "நாம எடுத்தா நாமதான் கொண்டுவந்து வச்சோம்பாங்க. நீ எறங்கு." கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தூணுக்கு முன்னால் நின்றுகொண்டு, டீமேக்கர் ஐயாவைக் கூட்டிவரச் சொன்னாள். அவர் வந்து, ஏணியில் ஏறி, தன் கையாலேயே முறுக்கை அவிழ்த்தார். இறங்கும்போது வெள்ளைச் சட்டையெல்லாம் காய்ந்த சந்தனம்.

"நாளைக்குப் பிட்டர வரச் சொல்லு" என்றார்.

"போகச் சொன்னது நீங்கங்கய்யா. நீங்களே வந்து கூப்புடுங்க."

சாயந்தரம் அவர் லயத்துக்கு வந்தார், பறித்து வைத்திருந்த ஸ்பேனரையும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போன பிறகு அப்பா தலையில் கை வைத்துச் சிரிக்கத் தொடங்கி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "நான்தான் பாப்பா முறுக்கினேன். என் கையாலதான்." எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. என் தப்பைவிட அப்பாவின் தப்பு பெரிது என்பதில் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இப்போது நாங்கள் பதுளை டவுனில் இருக்கிறோம், அப்பாவும் எங்களோடுதான். ஸ்டோர் மூடிக் கிடக்கிறது, பை திறந்து காட்டின அந்த வாசலின் இரும்புக் கேட்டை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்காக நான் ஒரு பெருமூச்சும் விடவில்லை. போன மாதம் மொனராகலையிலிருந்து வரும் வழியில் என் கணவரின் ஆட்டோ நின்றபோது, அப்பா இறங்கி, எப்போதும் கூடவே வைத்திருக்கும், மறுபடி வாலில் சிவப்பு பூசிய அந்த ஸ்பேனரால் எதையோ இறுக்கிச் சரிசெய்தார். பதுளைக்குக் கிட்ட வந்த பிறகுதான் அதை ரோட்டோரக் கல்லிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. நான் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். வண்டியைத் திருப்பவா என்று கணவர் கேட்டார்.

அப்பா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "விடுங்க மாப்ள, போனது நம்மளுதுதானே" என்று சொல்லிவிட்டு, வீடு வரும்வரை தூங்கினார்.