பாடத்துக்கு அடித்த மேளம்

வைக்கோல் தீயில் வாட்டும்போது மேளத்தின் தோலிலிருந்து ஒரு வாடை கிளம்பும். நனைந்த மாட்டின் மேல் வெயில் பட்டால் வருமே, கிட்டத்தட்ட அந்த வாடை. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் அது மூக்கில் பட்டால் ஒன்று திருவிழா, இல்லையென்றால் சாவு. மூன்றாவதாக ஒரு காரியத்துக்கும் அந்த மேளத்தைக் காய்ச்சலாம் என்று காட்டியவர், ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு அறிவியல் எடுத்த சார்.

கலசப்பாக்கத்துக்காரர், இளவயது. மலைக்கு மாற்றல் வந்ததைத் தண்டனையாக நினைத்து வந்த நாள் முதல் திரும்பிப் போக மனு எழுதும் வாத்தியார்களையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, தினமும் பைக்கில் வளைவுகளைச் சுற்றி ஏறி வந்து, வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "இன்னிக்கு இன்னா செய்யலாம்?" என்று கேட்கிற மனிதர் பெரிய வேடிக்கை. அவர் கையில் சும்மா ஒரு கயிறு கிடைத்தாலும் அதில் பாடம் நடத்திவிடுவார்.

அந்தப் பருவத்தில் எங்கள் ஊரில் ஆம்பளைகள் பாதிப் பேர் இல்லை. ஒரு மேஸ்திரி வந்து, ஆந்திராப் பக்கம் கட்டட வேலை என்று சொல்லி, வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். அது கட்டட வேலை இல்லை, காட்டுக்குள் செம்மரம் வெட்டும் வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் பெரியவர்கள் "வாய மூடு" என்பார்கள். போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். "அறுப்புக்குள்ள வந்துர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, என் தம்பியின் தலையைத் தடவிவிட்டுப் போனார். சாமை அறுப்புத் தொடங்கியது. அப்பா வரவில்லை.

அப்போது எங்கள் ஊரில் "டவர்" எடுப்பது கணவாய் மேட்டில் இருந்த ஒரே ஒரு புளியமரத்தடியில்தான். ஃபோன்களை மஞ்சப்பையில் போட்டுக் கிளையில் மாட்டிவிட்டு, பெண்கள் கீழே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பை மணியடித்தால் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். அறுப்புத் தொடங்கியதிலிருந்து எந்தப் பையும் மணியடிக்கவில்லை. அம்மா தினமும் வெயில் தாழ்ந்ததும் மரத்தடிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அடுப்பு மூட்டுவாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

இந்த நேரத்தில்தான் சார் அலைகளைப் பற்றிய பாடத்தைத் தொடங்கினார். ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டி உதறி, மேலே எழுவது முகடு, கீழே இறங்குவது அகடு என்று காட்டினார். எங்களைத் தோளோடு தோள் ஒட்டி வரிசையில் நிற்கவைத்து, முதல் ஆளை லேசாகத் தள்ளினார். தள்ளல் வரிசை நெடுக ஓடிக் கடைசிப் பையனைக் கீழே தள்ளியது, நடுவில் இருந்த நாங்கள் அவரவர் இடத்திலேயே நின்றோம். நெட்டலை அதுதான், சத்தம் காற்றில் போவதும் அப்படித்தான் என்றார். விழுந்த பையனோடு சேர்ந்து நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்தப் பருவத்தில் நாங்கள் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டியில் சாமை உமியைத் தூவி, ஒரு கல்லைப் போட்டார். வட்டம் வட்டமாக அலை விரிந்து தொட்டியின் விளிம்பைத் தொட்டது. உமி எழும்பித் தாழ்ந்து, இருந்த இடத்திலேயே கிடந்தது.

"அலை கரைக்கு வந்துச்சா?"

"வந்துச்சி சார்."

"உமி வந்துச்சா?"

"வரல சார்."

"அவ்ளோதான். அலை சேதியத்தான் கொண்டாந்து சேர்க்கும். ஆளைக் கொண்டாராது."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மலைக்குக் கீழே இருந்து வந்து போகிறவருக்கு, எந்த வீட்டில் யார் இல்லை என்று என்ன தெரியும்? ஆனால் அப்பா போயிருந்த பிள்ளைகள் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அந்தத் தொட்டித் தண்ணீரைப் பிறகு குடிக்கப் பிடிக்கவில்லை.

ஒலியின் வேகத்தை அளக்க வேண்டும் என்று சாருக்கு ஆசை. பள்ளிக்கு எதிரே, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு தாண்டி, அடுத்த சரிவில் ஊர்க் கோயில். அங்கே தொங்கும் பெரிய மேளத்தை அடித்தால், குச்சி விழுவது கண்ணுக்கு முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும், இடைப்பட்ட நேரத்தைக் குறித்தால் கணக்குப் போட்டுவிடலாம். ஊர்த் தலைவரிடம் "படிப்புக்குங்க" என்று கேட்டு மேளத்தை வாங்கிவிட்டார். காய்ச்சியும் கொடுத்தார்கள். தலைவர் ஒன்றும் கேட்கவில்லை. படிப்புக்கு என்றால் குதூகலமாக ஏதோ தட்டுவார்கள் என்று நினைத்திருப்பார்.

சாருக்கு வேண்டியதோ ஒற்றை அடி. ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு அடி. எங்கள் மலையில் அப்படி அடிப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஓட்டமாக அடித்தால் சாமி புறப்படுகிறது. ஒற்றையாக அடித்தால் யாரோ போய்விட்டார்கள். காதில் அது விழுந்தவர் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வரவேண்டும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லட்சுமி எழுந்து சொல்லிப் பார்த்தாள். "ஒத்தையா அடிக்கக் கூடாது சார். சேர்த்து அடிங்க."

"சேர்த்து அடிச்சா எந்த அடிக்கு எந்தச் சத்தம்னு எப்படிம்மா தெரியும்?" என்றார் சார். குச்சியை வாங்க எங்கள் வகுப்பில் ஒருவரும் கை நீட்டவில்லை. "சரி, பயந்தாங்கொள்ளிங்களா, நானே அடிக்கிறேன். நீங்க இங்கிருந்து பாருங்க" என்று நேரம் குறிக்கத் தன் ஃபோனை லட்சுமியிடம் கொடுத்துவிட்டு, தோளில் வெள்ளைத் துண்டோடு எதிர்ச் சரிவுக்குப் போனார்.

பள்ளி மேட்டில் வரிசையாக நின்று பார்த்தோம். துண்டு அசைந்தது. குச்சி உயர்ந்து விழுந்தது. ஒன்றும் கேட்கவில்லை. எச்சில் விழுங்கினேன், அப்போதுதான் வந்தது அந்தச் சத்தம், நெஞ்சில் யாரோ கை வைத்து அழுத்தியது போல. அது எங்களைத் தாண்டிப் போய்ப் பின்னால் இருந்த பாறையில் பட்டுத் திரும்பியது, பிறகு இன்னொரு பாறையிலிருந்தும் திரும்பியது. எதிரொலி என்று புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் கீழே சாமைக் கொல்லைகளில் நின்றவர்களுக்கு, மேளம் எந்த ஊரில் அடிக்கிறது என்றே தெரியாமல் எல்லாத் திசையிலும் கேட்டிருக்கும். சார் மறுபடி அடித்தார். மறுபடியும். லட்சுமி பொத்தானை அழுத்த மறந்துவிட்டு அழத் தொடங்கினாள்.

முதலில் கோயிலுக்கு ஏறி வந்தவர்கள், வேனில் ஆளை அனுப்பியிருந்த பெண்கள். அம்மா அவர்களுக்கு முன்னால் வந்தாள். கையில் கதிர் அரிவாள் அப்படியே இருந்தது, தலைமுடியில் சாமைத்தாள் ஒட்டியிருந்தது. கோயில் வாசலில் சாரைத் தவிர யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க?" என்று கேட்டாளாம். நாங்கள் பள்ளத்தில் இறங்கி ஏறி ஓடிச் சேர்ந்தபோது சார் வெளிறிப்போய் நின்றிருந்தார்.

"யாருக்கும் இல்லம்மா. பாடத்துக்கு."

பெண்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் சாரைத் திட்டித் தீர்த்தார்கள், ஒருத்தி சிரித்தாள், சிரிப்பு அழுகையாகிவிட்டது. அம்மா மட்டும் திட்டவில்லை.

"இன்னா பாடம்ங்க அது?"

பாவம், அவருக்கு அப்போது வேறென்ன சொல்லத் தெரியும்? தெரிந்ததைச் சொன்னார். "சத்தம் வந்து சேர நேரமாவும்மா. நம்ம காதுல கேக்கறதுக்கு முன்னாடியே அடி விழுந்துடும். அதைத்தான் அளந்தோம்."

"அப்ப நாம கேக்கறப்ப, எல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அறுப்பு முடிந்த பிறகு, போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பஸ்ஸில் வராமல், ஆலங்காயம் பக்கத்துக் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கியோ வெடி சத்தம் கேட்டுது, ஓடினோம். ஆத்துல எறங்கறப்ப அண்ணன் கூடத்தான் இருந்தாரு. அக்கரையில பார்த்தா ஆளில்ல." அது எந்த நாள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த சேதி. அப்பாவின் உடல் வரவில்லை. உடல் வராத வீட்டுக்கு எங்கள் ஊரில் மேளம் அடிப்பதில்லை.

அம்மா அதற்குப் பிறகும் தினமும் புளியமரத்துக்குப் போய் ஃபோனை மாட்டினாள். மாலையானால் நானும் தம்பியும் கூடவே போய் மஞ்சப்பையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சார் அந்த வருடம் முழுக்க இருந்தார்; மறுபடி அந்தக் கோயில் பக்கம் போகவில்லை, எங்கள் வீட்டு வழியாகப் போகும்போது பைக்கை அணைத்துத் தள்ளிக்கொண்டு போவார்.

இப்போது நான் படவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அதே பாடத்தை நடத்துகிறேன். கயிறு உண்டு, தொட்டி உண்டு, உமி உண்டு. ஒலியின் வேகத்துக்கு இரண்டு பலகைகளைத் தட்டிக்கொள்கிறோம். எங்கள் ஊரில் கணவாய் மேட்டில் டவரே நிற்கிறது. அதற்கு இடைஞ்சல் என்று புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். சாவுச் சேதி வாட்ஸப்பில் வருகிறது. கோயில் மேளத்தின் தோல் கிழிந்துவிட்டது, வேறு ஊரிலிருந்து இரவல் வாங்கி வந்து அடிக்கிறார்கள், அதுவும் திருவிழாவுக்கு மட்டும்.

இந்த வருடம் தம்பிக்குக் கல்யாணம் பேசினோம். இப்போதைய ஊர்த் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா காரியத்தை இப்படி அந்தரத்தில் விட்டுவிட்டுக் கல்யாணம் வைக்கக் கூடாது, தர்ப்பையில் உருவம் செய்து, மேளம் அடித்து, முறைப்படி முடித்துவிடலாம் என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். இத்தனை வருடமாகக் காத்திருக்கிறவளிடம் இதை எப்படிக் கேட்கிறார் என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது.

அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"இன்னொரு தபா எதுக்குங்க? அதான் அன்னிக்கே அடிச்சாச்சே, அந்த வாத்தியார் கையால."

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கதிர் அரிவாளோடு கோயில் வாசலில் நின்ற அன்றே அவள் அப்பாவை அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் அந்த மரத்தில் ஃபோனை மாட்டியது, கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் இரண்டு பேருக்காக.