சுடிதார் பிரிவு இன்சார்ஜ்

துணிக்கடை வேலை என்பது பத்து மணி நேரம் நிற்கிற வேலை. நடுநடுவே துணியும் விற்க வேண்டும். நின்று நின்று கால் வீங்கியவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தம்தான். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

பதவி உயர்வு

எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் ஏறித் திண்டிவனத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனேன். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, சுடிதார் பிரிவுக்கு இனி நான்தான் இன்சார்ஜ் என்றார். ஒரு பேட்ஜும் ஒரு நோட்டும் கொடுத்தார். வேலை நேரத்தில் உட்காருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுத வேண்டும். மூன்று முறை பெயர் வந்தால் வேலை போய்விடும். முதல் வாரமே ஜெசிந்தா அக்காவின் பெயரை இரண்டு முறை எழுதினேன். பதினோரு வருடமாக அதே பிரிவில் நிற்பவர். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடமாவது உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். அவருக்கு மட்டும் விலக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டா என்று மேனேஜரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். தப்பு நடந்தா மட்டும் நீ பதில் சொல்லு."

சாயம் போன டாப்ஸ்

ஒரே தண்ணீரில் சாயம் போன டாப்ஸோடு வந்தார் ஒரு அம்மா. மாற்றித் தர வேண்டும் என்றார். நியாயம்தான். மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பேட்ஜை உற்றுப் பார்த்தார்.

"இன்சார்ஜுனு மாட்டிக்கினு இருக்க, எதைக் கேட்டாலும் கேட்டுச் சொல்றேங்கிற. அந்த அட்டையைக் கழட்டிட்டு நில்லும்மா, பேஜாரு!"

அகராதி சொன்னது

கோபத்தில் அன்று பஸ்ஸிலேயே போனில் அகராதியைப் பார்த்தேன். 'சார்ஜ்' என்பதன் வேர், வண்டியைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லாம். வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் முதல் பொருள். பிறகு பொறுப்பு, கடமை என்று விரிந்து, கடைசியில்தான் அதிகாரம் வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் கடை மட்டும் முதல் பொருளிலேயே நின்றுவிட்டது. மறுநாள் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னேன்.

"வண்டி மாட்டையாவது நடுவுல அவுத்து உட்டுத் தண்ணி காட்டுவாங்கடி. நமக்கு?"

மூன்றாவது பெயர்

நான் இன்சார்ஜாகி ஏழாவது மாதம், முகூர்த்த நாளுக்கு முந்தின சனிக்கிழமை. கூட்டம் நெரிந்தது. நிற்க முடியாமல் அக்கா ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கேமராவில் பார்த்த மேனேஜர் உடனே போன் செய்தார்: "அது உக்காந்துக்கினு இருக்கு. எழுதிட்டியா, இல்லியா?"

கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்காக வாங்கிய ஸ்டூல்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் குடோனில் அடுக்கியிருந்தன. யாரையும் கேட்காமல் போய் இரண்டைத் தூக்கி வந்தேன். ஒன்றில் அக்காவை உட்கார வைத்தேன். நோட்டில் என் பெயரை எழுதிவிட்டு, இன்னொன்றில் நான் உட்கார்ந்தேன். மேனேஜர் இறங்கி வந்தார். அத்தனை வாடிக்கையாளர் முன்னால் கத்த முடியாமல், நோட்டையும் பேட்ஜையும் பிடுங்கிக்கொண்டு போனார். அக்காவின் பெயர் இரண்டோடு நின்றது. அழுதுவிடுவேன் போலிருந்தது. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு வாட்டி எம்பேரை எழுதுனதை நான் இன்னும் மறக்கல. கொஞ்சம் தள்ளி உக்காரு, காலை நீட்டணும்."

ஏழு மாத அதிகாரத்தில் நான் சொன்னதைக் கேட்டு இடம் மாறியவை அந்த இரண்டு ஸ்டூல்கள் மட்டும்தான்.