கம்பெனி பஸ்ஸுக்காக நிறுத்திய மெயின்பிரேம்

மெயின்பிரேம் என்ற அந்தக்கால ராட்சதக் கம்ப்யூட்டர் ஒன்றை, அதைப்போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் லேப்டாப்புக்குள் ஓட்டுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்.

அதை நிறுத்த ஒரு வரிசை உண்டு. முதலில் உள்ளே ஓடும் வேலைகளை முடிக்கவேண்டும், பிறகு அதன் சிஸ்டத்தை முறையாக மூடவேண்டும். எமுலேட்டரையே மூடும் 'க்விட்' கட்டளை கடைசியில்தான்.

ஞாயிறுதோறும் குவார்ட்டர்ஸ் குடும்பங்களை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போக மனைவியின் கம்பெனி பஸ் விடும். காலையில் என்னோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிய மனைவி, "ஏங்க, கம்பெனி பஸ் வந்துடுச்சு" என்றாள். நேராக 'க்விட்' அடித்துவிட்டு ஓடினேன்.

மதியம் வந்து பார்த்தால் மெயின்பிரேமின் டிஸ்க் கெட்டுப்போச்சு. ஒரு மாதம் எழுதிய புரோகிராமும் போச்சு.

"நீதானே அவசரப்படுத்தினே?" என்றேன்.

அவள் அனல்மின் நிலையத்தில் டர்பைன் ஆபரேட்டர். "அவசரப்படுத்த எல்லா ஷிப்ட்லயும் ஒருத்தர் இருப்பாங்க. நிறுத்துன கைதாங்க பதில் சொல்லணும்."

முன்பு எடுத்துவைத்திருந்த பழைய டிஸ்க் நகலிலிருந்து மெயின்பிரேமை மறுபடி கிளப்பினேன். உடனே, மின் நிலையத்தில் மெஷின்களில் மாட்டுவதுபோல லேப்டாப்பில் ஒரு சிவப்பு எச்சரிக்கை அட்டை மாட்டினாள்: 'என் கையெழுத்து இல்லாமல் நிறுத்தக் கூடாது.'

மாட்டிவிட்டு செகண்ட் ஷிப்டுக்குப் போய்விட்டாள். மெயின்பிரேம் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் யாருக்குக் கையெழுத்து அதிகாரம்?