பாலாகிப் போன வெள்ளி

வெயிலைக் கொண்டு தாளில் படம் விழ வைக்கும் கிறுக்கு எனக்கு உண்டு. அதற்கு, வெள்ளியை அமிலத்தில் கரைத்துச் செய்யும் வெள்ளி நைட்ரேட் வேண்டும். நாகர்கோவில் கடையில் விலையைக் கேட்டுவிட்டு, வாங்காமலே ஊருக்கு, முட்டத்துக்கு பஸ் ஏறினேன். வீட்டில் நான் ஒரு பாட்டம் புலம்பி முடித்ததும், மனைவி பீரோவிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து வந்தாள். இருபத்தெட்டாம் நாளில் எங்கள் மகனுக்கு இடுப்பில் கட்டிய வெள்ளி அரைஞாண். முகம் கொஞ்சம் தெளியட்டும் என்று படம் எடுப்பதைத் தள்ளிப்போட்டிருந்தோம். அதற்குள் காய்ச்சலில் போய்விட்டான். அவன் இருந்ததற்கு இது ஒன்றுதான் மிச்சம்.

“பீரோவுல கிடந்து கறுக்கத்தான செய்யுது, எடுத்துக்கிடுங்க. ஆனா ஒண்ணுமில்லாம ஆக்கிராதிய.”

நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் அதை அமிலத்தில் கரைத்து ஒரு குப்பியில் தந்தார். வெள்ளியில் செம்பு கலந்திருந்ததால் லேசான நீலம். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். ஜன்னலில் வயலும் தென்னையும் நகர, பிள்ளையைத் தூக்கி வருவது போலவே இருந்தது.

மாடியில் அதில் தண்ணீர் சேர்க்கும்போது, வாங்கி வைத்த காய்ச்சி வடித்த நீர் போதவில்லை. கிணற்றுநீரை ஊற்றினேன். கடலோரக் கிணறு. பிறந்ததிலிருந்து குடிப்பவனுக்கு அது உப்பென்றே தெரியாது. குப்பி முழுக்கப் பாலாகத் திரண்டது. எல்லாம் பாழ் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. பிறகு அழுதுவிட்டேன். சத்தம் கேட்டு மனைவி மாடிக்கு வந்தாள்.

“என்னத்துக்கு அழுறிய? இங்க பாருங்க.”

தரையில் சிந்திய வெள்ளைத் துளி வெயிலில் மெல்ல ஊதாவாகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. வெயிலைப் பிடித்து வைப்பதே இந்தப் பால்தான். நான் தாளில் உப்பும் வெள்ளியும் தடவிச் செய்ய இருந்ததைக் கிணறு குப்பியிலேயே செய்துவிட்டது.

பால் ஒட்டுவதற்குக் கஞ்சித் தண்ணீர் கலந்து, அவளே விரலால் தாளில் தடவினாள். அறைக்குள் உலர்த்தி மாடிக்குக் கொண்டுவந்தோம். தாளின் மேல் பிச்சிப்பூ வைக்கலாம் என்றேன். அவள் தன் கையை வைத்தாள்.

கடல் இரைந்துகொண்டிருந்தது. கலங்கரை விளக்கத்தின் பக்கமிருந்து காற்று வந்தது. நாங்கள் இருவரும் அசையவில்லை. அவள் கையை எடுத்தபோது, தாளில் ஒரு வெள்ளைக் கை. விரல்களின் இடுக்கிலெல்லாம் ஊதா நிறத்தில் அவன்.

இனி வெளிச்சம் பட்டால் முழுக்கக் கறுத்துவிடும் என்று தாளைப் பீரோவின் இருட்டில் வைத்தோம். சாயங்காலம், பாலைத் தடவிய அவள் வலது கை விரல்நுனிகள் கறுத்திருந்தன.

“இந்தக் கறுப்பு போயிருமா?” என்றாள்.

“நாளாவ நாளாவப் போயிரும்.”

அன்று அவள் வலது கையை நனைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள்.